கோரினுக்கு வந்த வயிற்றுவலி

"சனிக்கிழமை நான் வரேன். ரேஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் அப்பா.

ஐனா பெல்டோ போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். அப்பாதான். மறுபடி காதில் வைத்துக்கொண்டாள். கல்லூரி வேன் ஏரிக்கரைச் சாலையில் பனிச்சேற்றை இரு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு போனது. கோச் ஹார்ஜு ஓட்டினார். பின்னால் அணியின் மற்ற ஆறு பெண்களும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ரேஸுக்காப்பா?"

"வேற யாரோட ரேஸுக்கு நான் போறேன்?"

"ரோட்ல பனி தள்ற வேலை இருக்குமே உங்களுக்கு?"

"லீவு போட்டாச்சு."

வெர்ன் பெல்டோ குளிர்காலத்தில் லீவு போட்டதாகச் சரித்திரம் கிடையாது. ஐனா பிறந்த அன்றைக்கே பனி தள்ளும் வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போகிற போக்கில் ஆஸ்பத்திரி முற்றத்துப் பனியையும் தள்ளிக் கொடுத்துவிட்டுப் போனவர். அப்படிப்பட்டவர் பிப்ரவரி மாதத்தில் லீவு போட்டிருக்கிறார் என்றால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. காலை பத்து மணி என்று சொல்லிவிட்டு ஐனா போனை வைத்தாள்.

பிரச்சினை சின்னதுதான். அந்தப் பத்து மணி ரேஸில் ஐனா இல்லை. இதற்கு முன்னால் நடந்த எந்த ரேஸிலும் அவள் இருந்ததில்லை.

கல்லூரிப் பனிச்சறுக்கு அணியில் ஏழு பெண்கள். ஒரு ரேஸுக்கு ஆறு பேரைத்தான் இறக்கலாம். ஏழாவது ஆள் ஐனா. புறப்படும் கோட்டில் நின்று மற்ற ஆறு பேரும் கழற்றித் தரும் கோட்டுகளை வாங்கிக்கொண்டு, அவர்கள் காடு மேடெல்லாம் சுற்றி வருவதற்குள் முடிவுக்கோட்டுக்கு ஓடிப்போய் நிற்பது அவளுடைய பொறுப்பு. அந்த ஓட்டத்துக்கு யாரும் நேரம் குறிப்பதில்லை.

அப்பாவிடம் பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. டிசம்பரில் முதல் ரேஸ் முடிந்த அன்று அப்பா போன் பண்ணி, எப்படிப் போச்சு என்று கேட்டார். நல்லா போச்சு என்றாள். அணிக்கு நல்லாத்தான் போயிருந்தது. எத்தனாவது என்று கேட்டார். அந்த இடத்தில் ஒரு நொடி தயங்கியவள், முப்பத்தொண்ணு என்று சொல்லிவிட்டாள். முப்பத்தொண்ணு என்பது அவ்வளவு பெருமையும் இல்லை, அவ்வளவு கேவலமும் இல்லை. அப்பா "ம்" என்றார். அடுத்த வாரம் வேலையிடத்தில் எல்லோரிடமும் சொன்னதாக அம்மா சொன்னாள். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. வாரா வாரம் இரண்டு மூன்று இடம் முன்னேறி வந்தாள். நம்பும்படி இருக்க வேண்டும் என்று நடுவில் ஒரு ஜலதோஷமும், இறக்கத்தில் விழுந்து ஊன்றுகோல் முறிந்ததும் சேர்த்துக்கொண்டாள். போன வாரம் பதினெட்டாவது வந்திருந்தாள். வண்டியோட்டுகிற மனுஷன், சனி ஞாயிறில் எங்கே வரப்போகிறார் என்கிற தைரியம்தான்.

ஊர் வந்து சேர்ந்து மோட்டலில் அறை பிரித்துக் கொடுத்ததும் ஐனா தன் அறைத்தோழி கோரினை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். கோரின் அணியில் ஐந்தாவதோ ஆறாவதோ வருகிறவள். பனிச்சறுக்கைவிட நாடகத்தில் ஆர்வம் அதிகம். நாளைக்கு ஒரு நாள் மட்டும் உனக்கு உடம்பு சரியில்லை என்றால் உன் இடத்தில் என்னை இறக்குவார்கள், ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்கு நீ சரியாகிவிடலாம் என்றாள் ஐனா.

"எனக்கு என்ன கெடைக்கும்?"

"சீசன் முடியற வரைக்கும் உன் வேர்வைத் துணியெல்லாம் நான் தொவைக்கிறேன்."

கோரின் கூரையைப் பார்த்து யோசித்தாள். "சாக்ஸுமா?"

"சாக்ஸும்."

"எனக்கு இப்பவே ஒரு மாதிரி இருக்குடி," என்று கோரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் எழுந்ததும் லேசாக வயிறு சரியில்லை என்று சொன்னால் போதும் என்பதுதான் ஏற்பாடு. கோச் பெயர்களைச் சொல்வது எப்போதும் சனிக்கிழமை காலையில்தான். ஆனால் அதற்கு முன்னால் ராத்திரிச் சாப்பாடு இருந்தது. ரேஸை நடத்துகிற உள்ளூர்க் கல்லூரி, வந்திருந்த எல்லா அணிகளுக்கும் தன் உணவுக்கூடத்தில் விருந்து வைத்திருந்தது. நூடுல்ஸ் மாதிரி நீள நீளமான ஸ்பகெட்டி, மேலே தக்காளிக் குழம்பில் மிதக்கும் கறி உருண்டைகள். கூடம் நிறையக் கூட்டம். இத்தனை பேர் முகம் ஒரே இடத்தில் கிடைத்தால் கோரினால் சும்மா இருக்க முடியுமா? போன வருஷம் கல்லூரி நாடகத்தில் விஷம் குடித்துச் சாகிற ராணியாக நடித்தவள் அவள். இரண்டாவது காட்சியிலேயே செத்துப்போனது அவளுக்குத் தீராத மனக்குறை.

முள்கரண்டியைக் கீழே போட்டாள். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் எழுந்து, ஏறி, ஒரு கட்டத்தில் நின்று, இறங்கியது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் செய்தாள். ஐனாவுக்கே ஒரு கணம் பயமாகிவிட்டது.

கோச் ஹார்ஜுவின் முகத்தில் ரத்தமே இல்லை.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் இதே மாதிரி ஒரு ரேஸுக்கு வந்த இடத்தில் வயிற்றுக் கிருமி ஒன்று அணிக்குள் புகுந்துவிட்டது. ஊர் திரும்புகிற வழியில் வேனுக்குள் என்ன நடந்தது என்று அவர் இன்றுவரை யாரிடமும் விவரித்ததில்லை. அந்த வேனைக் கல்லூரி விற்றுவிட்டது.

அடுத்த பத்து நிமிஷத்தில் கோரின் மோட்டலின் கடைக்கோடி அறையில் தனியாக அடைக்கப்பட்டாள். சாப்பிட உப்பு பிஸ்கட், குடிக்க கேஸ் போன இஞ்சி சோடா. கோச் கையுறை மாட்டிக்கொண்டு கதவுப் பிடிகளையெல்லாம் மருந்து போட்டுத் துடைத்தார். பிறகு எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, கோரின் பக்கத்தில் யார் உட்கார்ந்தது, அவள் தண்ணீர்ப் பாட்டிலில் யார் குடித்தது, அவளோடு சவுனா நீராவி அறையில் யார் இருந்தது என்று விசாரித்தார். பாட்டிலில் குடித்தது ஹெட்டி.

ஹெட்டி பாவம். மருந்து விளம்பரம் பார்த்தாலே அந்த நோய் அவளுக்கு வந்துவிடும். பாட்டில் என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவள் கை வயிற்றுக்குப் போயிற்று.

காலையில் ஹெட்டி நிஜமாகவே வாந்தி எடுத்திருந்தாள். அதைப் பார்த்து அவள் அறையில் இருந்த இரண்டு பேருக்கும் குமட்டியது. கோச் மூவரையும் அப்படியே உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். சிற்றுண்டி மேஜையில் மிஞ்சியது மூன்று பேர். அணித்தலைவி டாக்னி. உலகத்தில் எது நடந்தாலும் தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் சாப்பிடுகிற வில்லா. அப்புறம் ஐனா.

"இன்னிக்குப் பேரெல்லாம் படிக்க வேண்டியதில்ல. நிக்கிறவங்க ஓடுங்க," என்றார் கோச். அவர் ராத்திரி தூங்கினதாகத் தெரியவில்லை. "மூணு பேரும் முடிச்சாத்தான் அணிக்குப் புள்ளி. ஒருத்தர் விட்டாலும் சுழி. இந்த வாரம் சுழின்னா மார்ச் மாசச் சாம்பியன்ஷிப்புக்கு நாம டி.வி.யிலதான் போகணும்."

ஐனா கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். பெரிய கூட்டத்தின் வாலில் ஓரமாக ஓடி, அப்பாவுக்குக் கையாட்டிவிட்டு, இருபத்தைந்தோ முப்பதோ வந்து, அடக்கமாகக் காரியத்தை முடித்துக்கொள்ள நினைத்தவள் அவள். இப்போது அணியே அவள் காலில் நின்றது.

கோரினை எழுப்பிவிடுவதுதான் வழி. ஐனா மோட்டலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் முழங்கால் பனியில் நின்று ஜன்னலைத் தட்டினாள். கோரின் பிஸ்கட் தூள் ஒட்டிய முகத்தோடு எட்டிப் பார்த்தாள். நிலைமையைக் கேட்டதும் அவளுக்கும் மனசு கேட்கவில்லை. பசியும் பொறுக்க முடியவில்லை. நேராகக் கோச்சிடம் போய், எனக்குச் சுத்தமாகச் சரியாகிவிட்டது, பசிக்கிறது, நான் ஓடுகிறேன் என்றாள்.

கோச் இரண்டடி பின்னால் நகர்ந்தார். போன வருஷமும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். காலையில் பசிக்கிறது என்றார்களாம், சரியாகிவிட்டது என்று சிரித்தார்களாம், நம்பி வேனில் ஏற்றினாராம். கோரினுக்கு இன்னொரு பாட்டில் இஞ்சி சோடா கொடுத்து மறுபடி உள்ளே அனுப்பினார். இந்த முறை கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியையும் இழுத்துப் போட்டார்.

கிருமி என்கிற எண்ணத்தை அவர் தலையிலிருந்து எடுத்தால்தான் மற்ற நாலு பேரும் வெளியே வருவார்கள் என்று ஐனாவுக்குத் தோன்றியது. திடலுக்குப் போகிற வழியில் மெதுவாக ஆரம்பித்தாள்.

"கிருமியெல்லாம் இருக்காது கோச். நேத்து கோரின் கறி உருண்டைய ஒரு பிடி பிடிச்சா. அது ஒத்துக்கல போலிருக்கு."

கோச் வேனை ஓரமாக நிறுத்தினார். "கறி உருண்டை," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு திரும்பினார். "ஹெட்டியும் சாப்பிட்டாளா?"

"எல்லாரும் சாப்பிட்டோம்."

அதைச் சொன்னபோதே, சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

திடலில் இறங்கியதும் கோச் ஹார்ஜு நேராக உள்ளூர்க் கல்லூரிக் கோச்சைத் தேடிப் போனார். அந்த அம்மாள் பெயர் மார்வெல் ஸ்டாக். ஆறடி உயரம், பழைய ஒலிம்பிக் வீராங்கனை மாதிரித் தோள்கள். கறி உருண்டை அவள் வீட்டுச் செய்முறை. இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் பனிச்சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு தேய்க்கிற கூடாரங்கள் வரிசையாக இருந்தன. கான்வாஸ் துணி மெலிசு. கெட்டுப்போன கறி உருண்டை என்கிற பேச்சு முதல் கூடாரத்திலிருந்து கடைசிக் கூடாரத்துக்கு, அங்கே ஓடுகிற எந்தப் பெண்ணையும்விட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. விருந்தில் உருண்டையைத் தொடாத அணி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொருத்தியும் தன் வயிற்றை ஒரு தரம் கவனித்துப் பார்த்தாள். ரேஸுக்கு முன்னால் யார் வயிறுதான் சும்மா இருக்கும்? சற்று நேரத்தில் கழிப்பறைகள் முன்னால் வரிசை வளைந்து கார் நிறுத்தம் வரைக்கும் நின்றது. பாதிப் பேர் இன்றைக்கு வேண்டாம் என்று பெயரை எடுத்துவிட்டார்கள்.

நடுவர்கள் கூடாரத்தில் கூடினார்கள். ரேஸை ரத்து செய்யலாமா என்பதுதான் பேச்சு.

ஐனா வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரத்து என்றால் புள்ளி கிடையாது. புள்ளி இல்லையென்றால் சாம்பியன்ஷிப் கிடையாது. அதுவும் போகட்டும், அப்பா லீவு போட்டுவிட்டு வந்துகொண்டிருக்கிறார். அவள் திரைத்துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே மார்வெல் ஸ்டாக் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்திருந்தாள். நேற்று மிஞ்சிய கறி உருண்டைகள். இதில் என்ன கெட்டிருக்கிறது, யாராவது சாப்பிட்டுச் சொல்லுங்கள் என்று சவால் விட்டுக்கொண்டிருந்தாள். நடுவர்கள் மூன்று பேரும் டப்பாவைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் சாப்பிடறேன்," என்றாள் ஐனா.

அவளுக்கு அது ரொம்ப எளிதான தீர்வாகத் தெரிந்தது. உருண்டையில் குறையொன்றும் இல்லை என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த ஆள் அவள்தானே. ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். பனியில் கிடந்து கல்லாக விறைத்திருந்தது. மென்று விழுங்கினாள். நடுவர்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஒன்று போதாது என்று ஒரு நடுவர் சொன்னார். நேற்று ஒருத்தி சராசரியாக எத்தனை சாப்பிட்டிருப்பாள் என்று அங்கேயே ஒரு விவாதம் நடந்தது. அந்தச் சராசரி வரைக்கும் ஐனா சாப்பிட்டாள். மார்வெல் ஸ்டாக் கண்கலங்கி, இன்னும் இரண்டு எடுத்து அவள் கையில் வைத்தாள். மரியாதைக்கு அதையும் சாப்பிட்டாள்.

அரை மணி நேரம் அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். அவள் சாகவில்லை. ரேஸ் நடக்கும், வர முடிந்தவர்கள் வரலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

புறப்படும் கோட்டில் ஒருவருக்குப் பின் ஒருவராக விட்டார்கள். ஐனாவின் முறை வந்தபோது கோட்டைக் கழற்றி யாரிடம் கொடுப்பது என்று திரும்பிப் பார்த்தாள். வாங்க ஆள் இல்லை. தரையில் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

முதல் ஏற்றத்திலேயே உருண்டைகள் அவளோடு பேச ஆரம்பித்தன. பயிற்சியில் தினமும் ஓடுகிற தூரம்தான். ஆனால் அப்போதெல்லாம் அவள் ஒருத்திதான் ஓடுவாள். இன்றைக்கு வயிற்றுக்குள் ஒரு குழுவே கூட ஓடியது. அவள் இடது காலில் தள்ளினால் அவை வலது பக்கம் போயின. வலது காலில் தள்ளினால் இடது பக்கம் வந்தன. மூச்சு முட்டியது. பின்னால் வந்த ஒருத்தி தாண்டினாள். இன்னொருத்தி தாண்டினாள். மூணு பேரும் முடிச்சாத்தான் புள்ளி, மூணு பேரும் முடிச்சாத்தான் புள்ளி என்று கோலை ஊன்றுகிற தாளத்துக்குச் சொல்லிக்கொண்டே ஏறினாள்.

மேட்டின் உச்சியில் ஆரஞ்சு நிறக் கோட்டு தெரிந்தது. ரோடு வேலை பார்க்கிறவர்கள் போடுகிற கோட்டு. அப்பா. மற்ற அப்பாக்களெல்லாம் மாட்டு மணியை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். வெர்ன் பெல்டோ கையைப் பைக்குள் விட்டபடி நின்றார். அவள் கிட்டே வந்ததும், "ம்," என்றார். அவரிடமிருந்து அதுதான் கோஷம். ஐனாவுக்குக் காலில் புது ரத்தம் பாய்ந்த மாதிரி இருந்தது.

அதே நேரம் அப்பாவுக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்றும் பார்த்தாள். கோரின். ஜன்னல் வழியாக இறங்கி வந்திருக்கிறாள். ஐனாவின் அம்மா சுட்டு அப்பாவிடம் கொடுத்தனுப்பிய பேஸ்டி, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்து கையளவு பெரிதாக இருப்பது, அதை இரண்டு கையாலும் பிடித்து விழுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவில் கோச் ஹார்ஜு வந்துகொண்டிருந்தார்.

ஐனாவால் கத்தத்தான் முடியாது. கண்ணை உருட்டினாள், தலையை ஆட்டினாள். கோரின் அதைப் பார்த்துச் சந்தோஷமாகப் பேஸ்டியை உயர்த்திக் காட்டினாள். பிறகு கோச்சைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில், பேஸ்டியை விடாமலே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி அப்பாவின் மேல் சாய்ந்தாள். அப்பா அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

இதையெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடியவளுக்கு, மேடு முடிந்து இறக்கம் தொடங்கியது தெரியவில்லை. வளைவில் தடம் ஒரு பக்கம் போனது, ஐனா இன்னொரு பக்கம் போனாள். பைன் கன்றுகளுக்குள் புகுந்து நின்றபோது ஒரு கோல் இரண்டாக முறிந்திருந்தது. போன மாதம் அப்பாவுக்குப் போனில் சொன்ன அதே விபத்து, சொன்னபடியே நடந்தது.

கோச் கோரினை விட்டுவிட்டு இறக்கத்தில் உருண்டு புரண்டு ஓடிவந்தார். கையில் இருந்த தன் கோலை நீட்டினார். அது ஐனாவின் காதுக்கு மேலே நின்றது. வேறு வழி இல்லை. ஒரு கையில் தன் கோல், ஒரு கையில் கோச்சின் கோல், படகில் ஒரு பக்கம் மட்டும் துடுப்பு போடுகிற மாதிரி சாய்ந்து சாய்ந்து மீதித் தூரத்தை ஓடினாள். டாக்னியும் வில்லாவும் முன்பே முடித்திருந்தார்கள். ஐனா முடிவுக்கோட்டைத் தாண்டி, நாலு எட்டு வைத்து, நடுவர்களும் மார்வெல் ஸ்டாக்கும் நின்ற இடத்துக்கு நேர் முன்னால் மண்டியிட்டு, கறி உருண்டைகள் அனைத்தையும் பனியில் ஒப்படைத்தாள்.

முடிவுக்கோட்டில் வாந்தி எடுப்பது இந்த விளையாட்டில் தினப்படி நடக்கிறதுதான். அன்றைக்கு மட்டும் யாரும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்வெல் ஸ்டாக் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு நடந்தாள். அந்த முதுகைப் பார்த்தபோது ஐனாவுக்கு வயிற்றைவிட நெஞ்சு அதிகமாக வலித்தது.

முடிவு அறிவித்தார்கள். பாதிக் கூட்டம் இல்லாததால் ஐனா பதினாறாவது. மூன்று பேரை முடிவுக்கோட்டுக்குக் கொண்டுவந்த அணிகள் மொத்தமே நாலுதான். அதில் இவர்கள் இரண்டாவது. சாம்பியன்ஷிப்புக்கு இடம் உறுதி. கோச் ஹார்ஜு அவளைத் தூக்கிச் சுற்றினார். மோட்டலுக்குத் திரும்பியதும் எல்லோருக்கும் முன்னால், விஷம் என்று தெரிந்தும் அணிக்காகச் சாப்பிட்ட பெண் என்று தழுதழுத்தார். டாக்னி கைதட்டினாள். ஐனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் ஹெட்டியின் அறைக்குப் போனாள். ஹெட்டி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுடைய அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரேஸ் பார்க்க வந்து, ஜன்னல் வழியாகக் கையாட்டிவிட்டுத் திரும்பிப் போயிருந்தாள். அதற்கு மேல் ஐனாவால் தாங்க முடியவில்லை. அறையில் இருந்த மூன்று பேரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கிருமியும் இல்லை, உருண்டையிலும் ஒன்றும் இல்லை, எல்லாம் என்னால்தான் என்றாள்.

ஹெட்டி எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். வலி இல்லை. முகத்தில் ரத்தம் திரும்பியது, கூடவே கோபமும் வந்தது.

"கோரினுக்கு என்ன குடுத்த?"

"துணி தொவைச்சுத் தரேன்னேன்."

"எங்களுக்கும் தொவை."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். கோச்சிடம் யாரும் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. மார்வெல் ஸ்டாக்கிடம் மட்டும் ஐனா தானே போனாள். உருண்டைமேல் தப்பில்லை, வேகமாக ஓடினால் எனக்கு எப்போதும் இப்படி ஆகும் என்றாள். அந்த அம்மாள் நம்பினாளோ இல்லையோ, கதவைச் சாத்தவில்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் உருண்டையைத் தொட்ட ஒரே ஆள் வில்லா. அவள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேரும் துள்ளிக்கொண்டு எழுந்தார்கள். எல்லாம் உப்பு பிஸ்கட்டின் மகிமை என்றார் கோச். இனி எல்லாப் பயணத்துக்கும் ஒரு பெட்டி வாங்கிவைக்கப் போவதாகச் சொன்னார். ஓட ஆறு பேர் கிடைத்துவிட்டதால் ஐனா மறுபடி ஏழாவது ஆளானாள். புறப்படும் கோட்டில் நின்று கோட்டுகளை வாங்கிக்கொண்டாள். ஹெட்டி தன் கோட்டைக் கொடுக்கும்போது, பையில் ஒரு ஜோடி அழுக்குச் சாக்ஸும் வைத்துக் கொடுத்தாள்.

அப்பா ராத்திரி மோட்டலிலேயே தங்கியிருந்தார். வந்து பக்கத்தில் நின்று, அவள் கையிலிருந்த கோட்டுகளில் பாதியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் முடிவுக்கோட்டை நோக்கிப் பனியில் நடந்தார்கள். அணியில் பாதிப் பேரிடம் உண்மையைச் சொன்னவளுக்கு இவரிடம் மட்டும் வாய் வரவில்லை. சும்மா நடக்கவும் முடியவில்லை.

"இன்னிக்குக் கோச் எனக்கு ரெஸ்ட் குடுத்துட்டாருப்பா," என்றாள். பிறகு, தூரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டு, "நேத்து கொஞ்சம் சுமார்தான். வழக்கமா இதவிட நல்லா ஓடுவேன்."

வெர்ன் பெல்டோ சரிந்த கோட்டுகளைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"முதல் ரேஸுக்கு அது போதும்மா," என்றார். "செவ்வாக்கிழமை உங்க கோச் போன் பண்ணாரு. 'சனிக்கிழமை உங்க பொண்ண முதல் தடவையா எறக்கறேன், அவகிட்ட இன்னும் சொல்லல, வந்து பாருங்க'ன்னாரு. அதான் லீவு போட்டேன்."